வால்வு ப்ரீஆம்பில் ஹம், இரைச்சல், படபடப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேஸிஸைத் துளைத்து, ஒயர் இழுத்து, சால்டரிங் முடித்து, முதல் தடவை சுவிட்சைப் போட்டதும் வால்வுகள் மெல்லச் சிவந்து வருவதைப் பார்ப்பது தனிச் சந்தோஷம். அடுத்த நிமிடமே ஸ்பீக்கரிலிருந்து "ம்ம்ம்" என்று ஹம் சத்தம் கிளம்பினால் மனசு விட்டுப்போகும். அப்போது பலரும் உடனே வால்வை மாற்றுகிறார்கள். போகவில்லையென்றால் கண்டென்சரை மாற்றுகிறார்கள். பெரும்பாலும் இரண்டும் வீண் செலவு. வீட்டில் கட்டிய ப்ரீஆம்பில் (பவர் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் சிக்னலைப் பெருக்கும் பெட்டி) சத்தம் வந்தால், என் அனுபவத்தில் காரணம் பாகத்தில் இருப்பதைவிட ஒயர் போகும் வழியில் இருப்பதுதான் அதிகம். சத்தத்தை முதலில் காதால் பிரித்து, பிறகு இடத்தால் பிரித்து, கடைசியில்தான் சால்டரிங் அயர்னைக் கையில் எடுக்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த வரிசையில்தான் போகின்றன.

உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது இசைத்தட்டுக்கான ஃபோனோ ப்ரீஆம்ப். ஒரு சேனலுக்கு ஒரு 12ஏஎக்ஸ்7 வால்வு. அதன் இரண்டு பாதிகளும் இரண்டு பெருக்கும் ஸ்டேஜ்கள், நடுவில் ஆர்ஐஏஏ நெட்வொர்க் (தட்டில் பதிக்கும்போது குறைத்த தாழ்ஒலியையும் கூட்டிய மேல்ஒலியையும் திருப்பி ஈடுசெய்யும் பகுதி). கடைசியில் இரண்டு சேனலுக்கும் சேர்த்து ஒரு 12ஏயூ7, கேத்தோடு ஃபாலோயராக (சிக்னலைப் பெருக்காமல், கேபிளை ஓட்டும் பலம் மட்டும் தரும் ஸ்டேஜ்). ஹெச்டி, அதாவது வால்வுகளுக்குப் போகும் உயர் மின்னழுத்த சப்ளை, சுமார் 280 வோல்ட். உங்களுடையது வெறும் லைன் ப்ரீஆம்ப் என்றாலும் பதில்கள் பொருந்தும். உங்கள் வேலை கொஞ்சம் சுலபம், அவ்வளவுதான்.

சேஸிஸைத் திறப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டென்சரில் 280 வோல்ட் அப்படியே நிற்கும். அது ஆளைக் கொல்லக்கூடிய மின்சாரம். முதல் கண்டென்சருக்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் போட்டுவிடுங்கள். 47 மைக்ரோஃபாரட் என்றால் சுமார் ஒரு நிமிடத்தில் அது காலியாகிவிடும். அப்புறமும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. மீட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழே வந்த பிறகுதான் வேலை.

ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டியிருந்தால் மீட்டரின் கறுப்பு ஒயரை முதலைக் கிளிப்பால் கிரவுண்டில் மாட்டிவிட்டு, சிவப்பு முனையை மட்டும் ஒரே கையில் பிடியுங்கள். மற்றக் கை பாக்கெட்டில் இருக்கட்டும். காலில் செருப்பு, தரை ஈரமில்லாமல். இது புதிதாகப் பழகுகிறவர்களுக்கு மட்டும் சொல்வதல்ல, நான் இன்றும் இப்படித்தான் செய்கிறேன்.

சத்தம் ப்ரீஆம்பிலிருந்துதான் வருகிறது என்று எப்படி உறுதி செய்வது?

ப்ரீஆம்பைக் கழற்றிவிட்டு, பவர் ஆம்ப்ளிஃபயரின் இன்புட்டை ஷார்ட் செய்து கேளுங்கள். இதற்கு இரண்டு ஆர்சிஏ பிளக் வாங்கி, ஒவ்வொன்றிலும் நடு முனையையும் வெளி வளையத்தையும் சேர்த்து சால்டர் செய்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கு இதைவிடப் பயனுள்ள கருவி இல்லை. இப்போதும் சத்தம் வந்தால் ப்ரீஆம்ப்மீது பழி இல்லை.

பவர் ஆம்ப் அமைதியாக இருந்தால், ப்ரீஆம்பை மாட்டி, அதே ஷார்ட் பிளக்குகளை ப்ரீஆம்பின் இன்புட்டில் செருகுங்கள். சத்தம் இருந்தால் அது ப்ரீஆம்புக்கு உள்ளே இருக்கிறது. ஷார்ட் செய்யும்போது அமைதி, டர்ன்டேபிளை மாட்டினால் மட்டும் சத்தம் என்றால் அது வெளியே இருக்கிறது. எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பது இந்த ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் சேஸிஸைத் திறக்காதீர்கள்.

ஹம் என்றால் எல்லாம் ஒரே ஹம்தானே?

இல்லை. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆகவே ப்ரீஆம்பில் வரும் ஹம் 50 ஆகவோ 100 ஆகவோ இருக்கும், இரண்டுக்கும் காரணங்கள் வேறு. 50 என்பது அடித்தொண்டையில் வரும் மெத்தென்ற "ம்ம்ம்". சின்ன ஸ்பீக்கரில் சரியாகக் கேட்கக்கூடக் கேட்காது, கூம்பு அசைவது கைக்குத் தெரியும். 100 என்பது அதைவிட ஒரு ஸ்தாயி மேலே. தெருமுனை மின்வாரிய டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழே நின்றால் கேட்குமே, அந்தச் சத்தம் பெரும்பாலும் 100தான். இரும்புக் கோர் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை விரிந்து சுருங்குவதால் அது 100 ஆகிறது. உங்கள் ப்ரீஆம்பின் ஹம் அதுபோல இருந்தால், கூடவே "ஜ்ஜ்ஜ்" என்று ஒரு கரகரப்பும் இருந்தால், பவர் சப்ளைப் பக்கமோ கிரவுண்டு ஒயர் பக்கமோ போங்கள். மெத்தென்ற 50 என்றால் ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் இழை), டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம், வெளி எர்த் லூப் (இரண்டு சாதனங்களின் எர்த் ஒயர்கள் சேர்ந்து உண்டாக்கும் வளையம்) ஆகிய மூன்றில் ஒன்று.

காதை நம்ப முடியவில்லையென்றால் ஃபோனில் ஒரு ஸ்பெக்ட்ரம் ஆப் போட்டு ஸ்பீக்கர் முன் வையுங்கள். எந்தக் கோடு உயரமாக நிற்கிறது என்று பார்த்தால் போதும்.

ஃபோனோவில் ஹம் ஏன் இத்தனை பாடுபடுத்துகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆர்ஐஏஏ ஈடுசெய்தலில் 50 ஹெர்ட்ஸுக்கு, 1000 ஹெர்ட்ஸைவிடச் சுமார் 17 டெசிபல் கூடுதல் பெருக்கம் கிடைக்கிறது. 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபல் பெருக்கும் ப்ரீஆம்ப், 50 ஹெர்ட்ஸில் 57 டெசிபல் பெருக்கும். அதாவது சுமார் 700 மடங்கு. இன்புட்டில் 5 மைக்ரோவோல்ட் ஹம் புகுந்தால் அவுட்புட்டில் 3.5 மில்லிவோல்ட்டாக வெளியே வரும்.

எந்த ஸ்டேஜில் புகுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கடைசியிலிருந்து முன்னோக்கி வாருங்கள். 1 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் ஃபிலிம் கண்டென்சர் ஒன்றின் இரு முனையிலும் உறை போட்ட கிளிப் ஒயர் கட்டிக்கொள்ளுங்கள். ப்ரீஆம்பை அணைத்து, மின்னழுத்தம் இறங்கிய பிறகு, இரண்டாம் ஸ்டேஜின் கிரிட்டுக்கும் (வால்வுக்குள் சிக்னல் நுழையும் முனை) கிரவுண்டுக்கும் நடுவே அதை மாட்டி, மறுபடி போட்டுக் கேளுங்கள். சத்தம் நின்றால் அது அந்த கிரிட்டுக்கு முன்னாலிருந்து வருகிறது. நிற்காவிட்டால் அதற்குப் பின்னால். இப்படியே முதல் ஸ்டேஜ் கிரிட் வரை வாருங்கள்.

வால்வைப் பிடுங்கிப் பார்க்கும் பழக்கமும் உண்டு. ஹீட்டர்கள் தொடராக இணைந்திருந்தால் ஒன்றைப் பிடுங்கும்போது எல்லாம் அணைந்துவிடும், சோதனை அர்த்தமில்லாமல் போகும். தவிர, வால்வு இழுக்கும் கரண்ட் குறையும்போது ஹெச்டி ஏறும். ஃபில்டர் கண்டென்சர்கள் 350 வோல்ட் ரகமாக இருந்தால் அதைத் தாண்டிவிடலாம். கண்டென்சர் கிளிப் வழிதான் எனக்குப் பிடித்தது.

100 ஹெர்ட்ஸ் ஹம் இருக்கிறது. ஃபில்டர் கண்டென்சரை இரண்டு மடங்கு பெரிதாக்கினேன், இன்னும் மோசமாகிவிட்டது. ஏன்?

இதே தப்பை நானும் செய்திருக்கிறேன். என் முதல் ஃபோனோ ப்ரீஆம்பில் கரகரப்போடு 100 ஹெர்ட்ஸ். 47 மைக்ரோஃபாரட்டை எடுத்துவிட்டு 100 போட்டேன், பிறகு 220. ஒவ்வொரு முறையும் அடிச்சத்தம் கொஞ்சம் குறையும், கரகரப்பு கூடும். இரண்டு மாதம் போயிற்று. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சேஸிஸைக் கவிழ்த்துப் போட்டு, கிரவுண்டு ஒயர்களை மட்டும் ஒரு தாளில் வரைந்தேன். இணைப்புகளை வரையவில்லை. எந்த ஒயர் எங்கிருந்து எங்கே, எத்தனை சென்டிமீட்டர் போகிறது என்பதை வரைந்தேன். விஷயம் அதில் பளிச்சென்று தெரிந்தது. டிரான்ஸ்ஃபார்மரின் நடு முனையிலிருந்து முதல் கண்டென்சரின் மைனஸுக்குப் போகும் கரண்ட், வழியில் இன்புட் ஸ்டேஜின் கிரவுண்டு ஒயரில் சுமார் 10 சென்டிமீட்டர் தூரம் பயணம் செய்துகொண்டிருந்தது.

அந்தப் 10 சென்டிமீட்டரில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். டயோடுகள் தொடர்ச்சியாகக் கரண்ட் விடுவதில்லை. அலையின் உச்சியில் சில நொடித்துகள்கள் மட்டும் திறந்து, கண்டென்சரை வேகமாக நிரப்பிவிட்டு மூடிக்கொள்ளும். சராசரி 12 மில்லிஆம்பியர் இழுக்கும் ப்ரீஆம்பில் அந்தத் துடிப்பு 100 மில்லிஆம்பியரைத் தொடலாம். அரைச் சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், 10 சென்டிமீட்டருக்குச் சுமார் 3.5 மில்லிஓம். ஆக, அந்தத் துண்டு ஒயரின் இரு முனைகளுக்கும் நடுவே 0.3 மில்லிவோல்ட்டுக்கு மேல் துடிப்பு. நம் காட்ரிஜ் (டர்ன்டேபிளில் ஊசி பொருத்திய பிக்அப்) கொடுக்கும் சிக்னலே 5 மில்லிவோல்ட்தான்! கண்டென்சரைப் பெரிதாக்கினால் டயோடு திறக்கும் நேரம் இன்னும் குறையும், துடிப்பு இன்னும் உயரும். கரகரப்பு கூடியதன் காரணம் அதுதான்.

மருந்து சுலபம். டிரான்ஸ்ஃபார்மரின் நடு முனையும் முதல் கண்டென்சரின் மைனஸும் தங்களுக்குள் மட்டும் குட்டையாக இணைய வேண்டும். பிரிட்ஜ் ரெக்டிஃபயர் என்றால் நடு முனைக்குப் பதில் பிரிட்ஜின் மைனஸ். சிக்னல் கிரவுண்டுக்குப் போகும் ஒயர், அந்தக் கண்டென்சரின் மைனஸ் காலிலிருந்து தனியாகப் புறப்பட வேண்டும். அதன்பின் ஒவ்வொரு ஸ்டேஜும் தன் கேத்தோடு ரெசிஸ்டர், கிரிட் ரெசிஸ்டர், தன் டிகப்ளிங் கண்டென்சர் (அந்த ஸ்டேஜின் சப்ளையைச் சுத்தமாக வைப்பது) மூன்றையும் ஓரிடத்தில் சேர்த்து, அங்கிருந்து ஒரே ஒயரை விட வேண்டும். சேஸிஸோடு இணைப்பு ஒரே ஓர் இடத்தில், இன்புட் சாக்கெட் பக்கத்தில். இன்புட் ஆர்சிஏ சாக்கெட்டின் வளையம் சேஸிஸைத் தொடாமல் இருக்க ஃபைபர் வாஷர் போடுங்கள். பெயின்ட் அடித்த சேஸிஸ்தானே, ஒட்டாது என்று நம்பாதீர்கள். நட்டு முடுக்கும்போது பெயின்ட் கீறிவிடும். நான் அந்த ஒரு ஒயரை மட்டும் மாற்றினேன். சத்தம் போய்விட்டது.

அப்படியானால் ஃபில்டர் எவ்வளவு இருந்தால் போதும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். முழு அலை ரெக்டிஃபயர், 47 மைக்ரோஃபாரட், 12 மில்லிஆம்பியர் என்றால் முதல் கண்டென்சரில் சுமார் 2.5 வோல்ட் அலை இருக்கும். அதற்குப் பின் 2.2 கிலோ ஓம், மறுபடி ஒரு 47 மைக்ரோஃபாரட் போட்டால் 100 ஹெர்ட்ஸ் சுமார் 65 மடங்கு குறைந்து 40 மில்லிவோல்ட்டுக்கு வரும். முதல் ஸ்டேஜ்களுக்கு மட்டும் தனியாக 10 கிலோ ஓம், 22 மைக்ரோஃபாரட் சேர்த்தால் இன்னும் 140 மடங்கு குறையும். 0.3 மில்லிவோல்ட்டுக்கும் கீழே. அது போதும்.

ஒரு பெரிய கண்டென்சரைவிட இரண்டு மூன்று சின்னப் படிகள் எப்போதும் நல்லது. முதல் ஸ்டேஜுக்குக் கடைசிப் படியிலிருந்துதான் சப்ளை போக வேண்டும். இவ்வளவு செய்தும் கரகரப்பு லேசாக மிஞ்சினால் 1என்4007 டயோடுகளை எடுத்துவிட்டு யூஎஃப்4007 போட்டுப் பாருங்கள். சில டிரான்ஸ்ஃபார்மர்களில் நல்ல வித்தியாசம் தெரியும்.

50 ஹெர்ட்ஸ் ஹம். ஹீட்டர்தான் காரணமா என்று எப்படித் தெரியும்?

ஹீட்டருக்கு மட்டும் 6.3 வோல்ட் கொடுக்கத் தனி டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் ஓடும்போதே அதை ஒரு கணம் அணையுங்கள். வால்வுகள் ஆறுவதற்குப் பத்துப் பதினைந்து நொடி ஆகும், அதுவரை வேலை செய்துகொண்டிருக்கும். அந்த நொடிகளில் ஹம் சட்டென்று நின்றால் குற்றவாளி ஹீட்டர்.

சரிசெய்வதற்கு இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். முதலில் ஒயர். ஹீட்டர் ஒயர் இரண்டையும் ஒன்றோடொன்று இறுக்கமாக முறுக்கி, சேஸிஸின் மூலை மடிப்பிலேயே ஒட்டினாற்போல் கொண்டுபோய், வால்வு பேஸுக்கு மேலிருந்து இறக்குங்கள். கிரிட் பின்னுக்கு அருகில் போகவே கூடாது. 12ஏஎக்ஸ்7இல் கிரிட்டுகள் 2, 7ஆம் பின்கள், ஹீட்டர் 4, 5, 9. இரண்டு ஹீட்டர் ஒயர்களில் ஒன்றாகச் சேஸிஸையே பயன்படுத்திய பழைய ரேடியோ முறை இங்கே உதவாது.

அடுத்தது, ஹீட்டரைச் சமப்படுத்துவது. டிரான்ஸ்ஃபார்மரின் ஹீட்டர் சுற்றில் நடு முனை இல்லையென்றால் இரண்டு பக்கத்திலிருந்தும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று எடுத்து நடுவில் சேருங்கள். அந்த நடுப்புள்ளியைக் கிரவுண்டில் இணைப்பது பலரும் செய்வது. நான் இணைப்பதில்லை. ஹெச்டியிலிருந்து 270 கிலோ ஓம், 68 கிலோ ஓம் கொண்டு பிரித்தால் சுமார் 56 வோல்ட் கிடைக்கும். 68 கிலோவுக்குக் குறுக்கே 22 மைக்ரோஃபாரட், 100 வோல்ட் கண்டென்சர். ஹீட்டரின் நடுப்புள்ளியை இந்த 56 வோல்ட்டில் கட்டிவிடுங்கள். ஹீட்டர் கேத்தோடைவிட மேலே நிற்பதால், சூடான ஹீட்டரிலிருந்து கேத்தோடுக்கு எலக்ட்ரான் தாவுவது நின்றுவிடும். கேத்தோடு ஃபாலோயருக்கும் இதனால் நன்மை உண்டு. அதன் கேத்தோடு 150, 180 வோல்ட்டில் உட்கார்ந்திருக்கும். ஹீட்டர் பூஜ்யத்தில் இருந்தால் இரண்டுக்கும் இடையிலான அழுத்தம் வால்வின் வரம்பைத் தொட்டுவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஹம் மிச்சமிருந்தால் டிசி ஹீட்டர். ஃபோனோவில் முதல் வால்வுக்காவது இதைச் செய்வது நல்லது. 12ஏஎக்ஸ்7இன் 4, 5 பின்களுக்கு நடுவே 12.6 வோல்ட், 150 மில்லிஆம்பியர். 7812 ரெகுலேட்டர் கொடுக்கும் 12 வோல்ட்டே போதும், அது 10 சதவீத எல்லைக்குள்தான் இருக்கிறது. ரெகுலேட்டருக்கு ஹீட்சிங்க் மறக்க வேண்டாம். டிசி ஹீட்டரின் ரெக்டிஃபயர் கரண்ட், ஹெச்டியுடையதைவிடப் பல மடங்கு பெரிது. அதன் கிரவுண்டு ஒயர் சிக்னல் கிரவுண்டோடு கலந்தால் 50 ஹெர்ட்ஸை விரட்டிவிட்டு 100ஐ வீட்டுக்குள் கூப்பிட்டதாகிவிடும்.

டிரான்ஸ்ஃபார்மரை எங்கே வைப்பது?

இன்புட்டிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம். வேறு பெட்டியில் வைத்து ஒரு மீட்டர் கேபிளில் கொண்டுவர முடிந்தால் அதற்கு ஈடில்லை. ஒரே சேஸிஸ்தான் என்றால் துளை போடுவதற்கு முன்பே, ஹீட்டர் மட்டும் எரியும்படி மின்சாரம் கொடுத்து, டிரான்ஸ்ஃபார்மரைக் கையால் மெல்லத் திருப்பிக்கொண்டே ஹம்மைக் கேளுங்கள். எந்தக் கோணத்தில் மிகக் குறைவோ அங்கே பென்சிலால் குறியிடுங்கள். ஹெச்டி முனைகளை உறை போட்டு மூடிய பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். இந்தச் சோதனைக்கு வால்வுகள் வேலை செய்யத் தேவையில்லை. ஒரு சோக் சுருளை (இரும்புக் கோரில் சுற்றிய கம்பிச் சுருள்) ஹெட்ஃபோனில் இணைத்து, இன்புட் வால்வு இருக்கப்போகும் இடத்தில் பிடித்தாலே காந்தப்புலம் காதில் கேட்கும். அலுமினியம் சேஸிஸ் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தைத் தடுக்காது. இரும்புத் தகடு ஓரளவு தடுக்கும்.

சேஸிஸைத் தொட்டால் ஹம் குறைகிறது. எர்த் பின்னை வெட்டிவிட்டால் சரியாகும் என்கிறார்களே?

வெட்டாதீர்கள். தொட்டால் குறைகிறது என்றால் சேஸிஸ் எர்த்தோடு இணையவில்லை என்று அர்த்தம், உங்கள் உடம்பு எர்த் வேலையைச் செய்கிறது. பிளக்கின் பெரிய பின்னுக்கும் சேஸிஸுக்கும் இடையே மீட்டர் வைத்துப் பாருங்கள், ஒரு ஓமுக்குள் காட்ட வேண்டும். காட்டினால் சுவரிலுள்ள பிளக் பாயின்டில் எர்த் ஒயர் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை இருக்கும், பின்னால் இரண்டு ஒயர்தான் வந்திருக்கும்.

எர்த் பின்னை வெட்டினால் ஹம் போவது உண்மைதான், இரண்டு சாதனங்களின் எர்த் வளையம் அறுந்துபோவதால். ஆனால் டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் என்றைக்காவது கெட்டால் 230 வோல்ட் நேராக வால்யூம் குமிழ்வரை வந்து நிற்கும். வளையத்தை வேறு விதமாக அறுக்கலாம். சேஸிஸ் எப்போதும் எர்த்தில் இருக்கட்டும். சிக்னல் கிரவுண்டை சேஸிஸோடு நேராக இணைக்காமல், 10 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக இணையுங்கள். அதற்கு இணையாக 25 ஆம்பியர் அல்லது 35 ஆம்பியர் பிரிட்ஜ் ரெக்டிஃபயர் ஒன்றும் (இரு ஏசி முனைகளும் ஒரு பக்கம், பிளஸ் மைனஸ் சேர்த்து மறுபக்கம்), 0.1 மைக்ரோஃபாரட்டும் போடுங்கள். ஹம் கொடுக்கும் மில்லிவோல்ட்டுகளுக்கு அது 10 ஓம் தடை. பழுது வந்து பெரிய கரண்ட் பாய்ந்தால் டயோடுகள் திறந்து ஃபியூஸைப் போக்கிவிடும்.

டர்ன்டேபிளை மாட்டினால் மட்டும் ஹம்.

டர்ன்டேபிளிலிருந்து தனியாக வரும் மெல்லிய கிரவுண்டு ஒயர் ப்ரீஆம்பின் கிரவுண்டு ஸ்குரூவில் இருக்கிறதா? அநேகமாக அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால், மோட்டாரை அணைத்துவிட்டு டோன்ஆர்மைத் தட்டின் ஓரத்திலிருந்து நடுவுக்குக் கையால் கொண்டுபோங்கள். போகப் போக ஹம் கூடினாலோ குறைந்தாலோ பக்கத்திலிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றின் காந்தப்புலத்தைக் காட்ரிஜ் பிடிக்கிறது. டர்ன்டேபிளை நகர்த்துங்கள். ஒரு சேனலில் மட்டும் என்றால் ஹெட்ஷெல்லின் (காட்ரிஜ் மாட்டியிருக்கும் தலைப்பகுதி) நான்கு சின்ன ஒயர்களைப் பாருங்கள், அதில் ஒன்று தளர்ந்திருக்கும்.

மாலையில் மட்டும் சத்தம் வருகிறது. பகலில் இல்லை.

வீட்டுக்குள் பாருங்கள். மாலையில் எதைப் போடுகிறீர்கள்? எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் ஒவ்வோர் அரை அலையையும் வெட்டி வெட்டி விடுகிறது. ஃபேன் 2இலோ 3இலோ ஓடும்போது "ஜ்ர்ர்ர்" என்று வரும், முழு வேகத்தில் வைத்தால் போய்விடும். மலிவான எல்இடி பல்புகளும் சார்ஜர்களும் இதேபோல. ஒவ்வொன்றாக அணைத்துக் கேளுங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் சத்தம் என்றால், அது சதுர அலை இன்வெர்ட்டராக இருக்கலாம். அதன் கூர்மையான விளிம்புகள் டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி வந்துவிடும். ஃபில்டர் வைத்த ஐஇசி சாக்கெட் (பவர் கேபிள் செருகும் சாக்கெட்) ஓரளவு உதவும், சைன் அலை இன்வெர்ட்டர் முழுதாக உதவும். ஃபோனை ப்ரீஆம்ப்மீது வைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். அழைப்பு வருவதற்குச் சற்று முன் "டிட்டிடி டிட்டிடி" என்று கேட்பது 2ஜி ஃபோன் நொடிக்கு 217 முறை துடிப்பாக ஒலிபரப்புவதால்.

ஹம் இல்லை. ஆனால் மழை பெய்வதுபோல "ஸ்ஸ்ஸ்" என்று இரைச்சல்.

கொஞ்சம் இரைச்சல் இயற்கை. இன்புட்டில் இருக்கும் 47 கிலோ ஓம் ரெசிஸ்டர், எதுவும் இணைக்காமல் சும்மா இருந்தாலே, வெப்பத்தால் சுமார் 4 மைக்ரோவோல்ட் இரைச்சல் எழுப்பும். காட்ரிஜை மாட்டியதும் அதன் குறைந்த தடை இதை விழுங்கிவிடும். ஆகவே இன்புட் திறந்திருக்கும்போது கேட்கும் இரைச்சலை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஒரு சேனலில் மட்டும் கூடுதல் என்றால் இரண்டு சேனலின் முதல் வால்வுகளை மாற்றிப் போடுங்கள். இரைச்சல் வால்வோடு போனால் வால்வு. அதே சேனலில் தங்கினால் பிளேட் ரெசிஸ்டரை (வால்வின் அவுட்புட் முனையான பிளேட்டுக்கு ஹெச்டி போகும் ரெசிஸ்டர்) சந்தேகப்படுங்கள். பழைய கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர்கள், தம் குறுக்கே டிசி அழுத்தம் ஏற ஏறக் கூடுதலாக இரையும். பிளேட்டில் 100 வோல்ட் விழும் இடம் அது. 1 வாட் மெட்டல் ஃபிலிம் போடுங்கள், சென்னை ரிச்சி தெருவில் அள்ளிக்கொள்ளலாம். பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய ரெசிஸ்டருக்குத் தனி இனிமை உண்டு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். முதல் ஸ்டேஜில் அதற்கு இடம் கிடையாது என்பது என் கட்சி.

இசைத்தட்டு ஓடாதபோது பின்னணியில் ரேடியோ செய்தி கேட்கிறது!

மீடியம் வேவ் ஒலிபரப்பை முதல் வால்வின் கிரிட் பிடித்துக்கொள்கிறது. 1 கிலோ ஓம் ரெசிஸ்டரை கிரிட் பின்னிலேயே, கால் நீளம் சில மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், சால்டர் செய்யுங்கள். பின்னிலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளிப் போட்டால் அந்த 3 சென்டிமீட்டரே ஏரியல். இன்புட் ஒயரில் ஃபெரைட் மணி ஒன்றும் கோக்கலாம். கண்டென்சர் போட்டு வடிகட்டும் ஆசை வரும். 12ஏஎக்ஸ்7 பெருக்கும்போது தானே 100 பிகோஃபாரட்டுக்கு மேல் இன்புட்டில் காட்டுகிறது, அதோடு கூட்டினால் காட்ரிஜின் மேல்ஸ்தாயி மாறிவிடும்.

இதே 1 கிலோ ஓம் இன்னொரு நோய்க்கும் மருந்து. காதுக்கு எட்டாத உயர் அலைவரிசையில் ஸ்டேஜ் தானாக ஆடிக்கொண்டிருக்கலாம். அதன் அறிகுறி, 280 வோல்ட் சப்ளையில் 100 கிலோ ஓம் பிளேட், 1.5 கிலோ ஓம் கேத்தோடு வைத்த 12ஏஎக்ஸ்7இல் பிளேட்டில் சுமார் 180 வோல்ட், கேத்தோடில் சுமார் 1.5 வோல்ட் வர வேண்டியது வராமல், கையை அருகில் கொண்டுபோனால் மீட்டர் முள் அசைவது.

வால்வைத் தட்டினால் மணி அடிப்பதுபோலக் கேட்கிறது. வால்வு கெட்டுவிட்டதா?

கெடவில்லை. உள்ளே கிரிட்டின் மெல்லிய கம்பிச் சுருள் அதிர்கிறது. எல்லா 12ஏஎக்ஸ்7உம் கொஞ்சம் இப்படித்தான். பென்சிலின் ரப்பர் முனையால் லேசாகத் தட்டும்போது "டிங்" என்று கேட்டு உடனே அடங்கினால் பரவாயில்லை. இழுத்துக்கொண்டே போனாலோ, வால்யூமைக் கூட்டும்போது ஸ்பீக்கரின் அதிர்வாலேயே ஊளையிட ஆரம்பித்தாலோ அந்த வால்வை இரண்டாம் ஸ்டேஜுக்கு மாற்றிவிட்டு, அமைதியான ஒன்றை முதலில் போடுங்கள். வால்வு பேஸை ரப்பர் வாஷரில் மிதக்க விடுவதும் பலன் தரும்.

தட்டும்போது வால்வில் இல்லாமல் வேறிடத்தில் சத்தம் வந்தால், காய்ந்த மூங்கில் குச்சியால் ஒவ்வொரு சால்டரிங் முனையாகத் தொட்டுப் பாருங்கள். ட்ரை சால்டர் இருக்கும் இடத்தைத் தொட்டதும் பட்டென்று வெடிக்கும். அந்த முனையில் ஈயம் பளபளக்காமல் மங்கலாக, உருண்டையாக நிற்கும்.

அவ்வப்போது "பட் பட்" என்று வெடிக்கிறது. வால்யூமைத் திருப்பினால் கரகரக்கிறது.

கடலோர ஊர்களில் வால்வு பின்கள் பச்சை பிடிக்கும். வால்வை எடுத்து, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட, பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் சின்ன பிரஷை பேஸின் ஒவ்வொரு ஓட்டையிலும் விட்டு எடுங்கள். நிச்சயமாக அணைத்த பிறகுதான்.

வால்யூம் கண்ட்ரோல் சுத்தம் செய்தும் கரகரத்தால் அதன் மீது டிசி ஏறுகிறது. அதற்கு முன்னாலுள்ள கப்ளிங் கண்டென்சர் (டிசியை நிறுத்திச் சிக்னலை மட்டும் கடத்துவது) கசிகிறது. கண்டென்சரின் வால்யூம் பக்கத்து முனையில் மீட்டர் வையுங்கள். சில மில்லிவோல்ட் சரி, அரை வோல்ட் என்றால் கண்டென்சரை மாற்றுங்கள். பழைய பேப்பர் கண்டென்சர் எதையும் இந்த இடத்தில் வைத்திருக்க வேண்டாம்.

"டப டப டப" என்று டீசல் படகு போவதுபோல ஒரு சத்தம்?

கடைசி ஸ்டேஜ் இழுக்கும் கரண்ட் ஹெச்டியை அசைக்கிறது, அந்த அசைவு முதல் ஸ்டேஜுக்குத் திரும்பிப் போய்ச் சுற்றிக்கொண்டிருக்கிறது. முதல் ஸ்டேஜின் டிகப்ளிங் கண்டென்சர் காய்ந்துவிட்டதா, அல்லது அந்த 10 கிலோ ஓமைப் போடவே மறந்துவிட்டீர்களா என்று பாருங்கள்.

எவ்வளவு அமைதியானால் போதும் என்று விடலாம்?

இன்புட்டை ஷார்ட் செய்து, அவுட்புட்டில் மீட்டரை ஏசி மில்லிவோல்ட்டில் வையுங்கள். ஃபோனோவில் 1 மில்லிவோல்ட்டுக்குக் கீழே வந்தால் நல்ல வேலை. 0.3க்கு வந்தால் மிக நல்ல வேலை. ஆனால் கடைசித் தீர்ப்பு எனக்கு மீட்டரில் இல்லை. வழக்கமாகப் பாட்டுக் கேட்கும் வால்யூமில் வைத்து, உட்காரும் நாற்காலியிலிருந்து கேளுங்கள். பிறகு ஒரு நல்ல தட்டைப் போட்டு, பாட்டு தொடங்குவதற்கு முன்னுள்ள வெற்றுப் பள்ளத்தில் ஊசியை இறக்குங்கள். ஊசி தட்டில் உரசும் அந்த மெல்லிய சரசரப்பு வந்ததும் ப்ரீஆம்பின் சத்தம் அதற்கு அடியில் போய் மறைந்துவிட்டதென்றால், சேஸிஸின் அடித்தகட்டை மாட்டி ஸ்குரூவை முடுக்கலாம்.